அமெரிக்கக் கல்லூரி நீச்சலில் அயல்நாட்டு மாணவர்கள்: ஒரு வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நீச்சலில் திறமை காட்டும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, பாடநூல் ஆகிய செலவுகளை ஏற்று உதவித்தொகை வழங்குகின்றன. இந்த உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆஸ்திரேலியா, பிரித்தானியா, சிம்பாப்வே, பிரேசில், துனிசியா, சிங்கப்பூர், பிரான்சு எனப் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் இதைப் பெற்று அங்கே படித்திருக்கிறார்கள். அவர்களுள் சிலர் தம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் உண்டு. அமெரிக்கப் பணத்தில், அமெரிக்கக் குளத்தில், அமெரிக்கப் பயிற்றுநரிடம் பயிலும் மாணவர் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரரையே தோற்கடிக்கிறார். இதை ஏன் அனுமதிக்கிறார்கள்? இதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு? இந்தக் கேள்விகள் அமெரிக்காவில் இன்றும் எழுகின்றன. அவற்றுக்கு விடை காண இந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

கல்லூரியும் விளையாட்டும்

பல நாடுகளில் விளையாட்டுப் பயிற்சியை அரசோ மன்றங்களோ நடத்துகின்றன. அமெரிக்காவில் அந்தப் பொறுப்பின் பெரும்பகுதி கல்லூரிகளிடம் உள்ளது. விளையாட்டுக்கெனத் தனி அமைச்சகம் அந்நாட்டில் இல்லை. உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் திறமையான வீரருக்கு அடுத்த படி கல்லூரி அணிதான்.

கல்லூரிகளுக்கிடையிலான விளையாட்டை ஒழுங்குபடுத்த 1906இல் ஓர் அமைப்பு உருவானது. 1910இல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் (என்சிஏஏ) என்ற பெயரைப் பெற்றது. இக்கழகத்தின் முதல் நீச்சல் வாகையர் போட்டி 1924இல் அன்னாபொலிசு நகரின் கடற்படைக் கல்விக்கழகத்தில் நடந்தது. அப்போது தனிநபர் வெற்றிகளே கணக்கிடப்பட்டன. 1937 முதல் அணிகளுக்கும் வாகையர் பட்டம் வழங்கப்பட்டது.

அணிப் பட்டம் வந்ததும் புள்ளிகளுக்கு மதிப்பு வந்தது. ஒவ்வொரு போட்டியிலும் முன்னணியில் முடிக்கும் மாணவர் தம் கல்லூரிக்குப் புள்ளிகள் சேர்க்கிறார். பயிற்றுநரின் பெயரும் வேலையும் அந்தப் புள்ளிகளைப் பொறுத்தவை. குடும்பத்தின் வருமானத்தைப் பார்க்காமல், விளையாட்டுத் திறமையை மட்டும் கொண்டு முழு உதவித்தொகை வழங்கலாம் என்று 1956இல் கழகம் முடிவு செய்தது. நல்ல வீரர் எங்கிருந்தாலும் அழைத்து வரும் வழி பயிற்றுநருக்குத் திறந்தது. புள்ளி சேர்க்கும் மாணவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டினது என்பது அவருக்கு முக்கியமில்லை.

பெண்களுக்கு இந்த வாய்ப்பு தாமதமாகவே வந்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ‘தலைப்பு ஒன்பது’ என்ற சட்டம் 1972இல் நிறைவேறிய பின்னரே பெண்களின் கல்லூரி விளையாட்டு வளர்ந்தது. 1982இல்தான் கழகம் பெண்களுக்கான முதல் நீச்சல் வாகையர் போட்டியை நடத்தியது.

இங்கு ஒரு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். ஒலிம்பிக் குளம் 50 மீட்டர் நீளமுடையது. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் 25 கெஜக் குளத்தில் நடக்கின்றன. மீட்டரில் சொன்னால் 22.86. நீளம் குறைவு என்பதால் திரும்பல்கள் அதிகம். சுவரை உதைத்துத் தள்ளுவதும் நீருக்கடியில் பாய்வதும் அடிக்கடி தேவைப்படும். மீட்டர் குளத்தில் வளர்ந்த அயல்நாட்டு மாணவர் முதலில் இதற்குப் பழக வேண்டும். பிற்காலத்தில் ஒலிம்பிக்கில் பலருக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

முர்ரே ரோஸ்: முதல் தலைமுறை

ஆஸ்திரேலியாவின் முர்ரே ரோஸ் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தம் பதினேழாவது வயதில் மூன்று தங்கம் வென்றவர். 400 மீட்டர், 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல், தொடர் நீச்சல் ஆகியவை அவை. அதன்பின் அவர் லாஸ் ஏஞ்சல்சில் உள்ள தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு நீச்சல் பயிற்றுநராக இருந்தவர் பீட்டர் டேலண்ட்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கத்தை ரோஸ் தக்கவைத்துக்கொண்டார். கல்லூரி அளவில் 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகையரானார். ரோமில் 1500 மீட்டர் தங்கம் வென்ற மற்றொரு ஆஸ்திரேலியரான ஜான் கான்ராட்சும் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

ஆனால் 1964இல் ஒரு சிக்கல் எழுந்தது. அந்த ஆண்டு ரோஸ் அமெரிக்காவில் உலக சாதனை படைத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் பங்கேற்பார் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆஸ்திரேலியத் தேசியப் போட்டிக்கு அவர் நேரில் வராததைக் காரணம் காட்டி, அந்நாட்டு நீச்சல் சங்கம் அவரை அணியில் சேர்க்கவில்லை. உலக சாதனையாளர் ஒருவர் இல்லாமலே அணி டோக்கியோ சென்றது.

வெளிநாட்டில் பயிலும் வீரர் மீது தாய்நாட்டுச் சங்கத்துக்கு எவ்வளவு உரிமை உண்டு என்ற கேள்வி அப்போது வெளிப்படையாக எழுந்தது. இன்றும் பல நாடுகளில் சங்கத்துக்கும் வீரருக்கும் இடையே இதே இழுபறி நடக்கிறது.

கொழும்பில் நீந்தக் கற்ற டேவிட் வில்கி

இந்த வரலாற்றின் அடுத்த முக்கியமான பெயர் இலங்கையோடு தொடர்புடையது. டேவிட் வில்கி 1954 மார்ச் 8 அன்று கொழும்பில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஸ்காட்லாந்தினர்; பணி காரணமாக இலங்கையில் வாழ்ந்தவர்கள். வில்கி நீந்தக் கற்றுக்கொண்டதும் கொழும்பில்தான். பதினொரு வயதில் எடின்பரோவில் உள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். வெப்பமான கடற்கரை நகரத்திலிருந்து குளிர்நாட்டு விடுதிக்குச் சென்ற அச்சிறுவன் அங்கே வாரண்டர் நீச்சல் மன்றத்தில் சேர்ந்தான்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் வில்கி வெள்ளி வென்றார். தங்கம் வென்றவர் அமெரிக்கரான ஜான் ஹென்கன். அதன்பின் புளோரிடா மாநிலத்தின் மயாமி பல்கலைக்கழகம் வில்கிக்கு உதவித்தொகை வழங்கியது. கல்லூரி அளவில் அவர் மூன்று முறை தேசிய வாகையரானார். 1973, 1975 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் போட்டிகளிலும் தங்கம் வென்றார்.

1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான நீச்சல் போட்டிகள் பதின்மூன்று. அவற்றுள் பன்னிரண்டில் அமெரிக்கரே தங்கம் வென்றனர். எஞ்சிய ஒரே தங்கம் 200 மீட்டர் மார்பு நீச்சலில் வில்கி வென்றது. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 15.11 நொடி. ஹென்கனின் முந்தைய உலக சாதனையைவிட இது மூன்று நொடிக்கும் மேல் குறைவு. நொடியின் சிறு பங்கில் சாதனை மாறும் நீச்சலில் மூன்று நொடி என்பது மிகப் பெரிய இடைவெளி. ஆண்கள் நீச்சலில் பிரித்தானியா தங்கம் வென்றது 1908க்குப் பிறகு அதுவே முதல் முறை.

அமெரிக்கர் அனைத்தையும் வெல்லாதபடி தடுத்த அந்த ஒருவர் அமெரிக்கக் கல்லூரி உருவாக்கியவர். 2024 மே மாதம் தம் 70ஆவது வயதில் வில்கி காலமானார். அவர் நீந்திய மயாமி பல்கலைக்கழக ஆண்கள் நீச்சல் அணி பின்னாளில் கலைக்கப்பட்டுவிட்டது.

வில்கிக்குப் பின் டங்கன் குட்ஹியூ என்ற மற்றொரு பிரித்தானியர் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால், அந்நாட்டுக் கல்லூரிகளில் பயின்ற அமெரிக்க வீரர்கள் எவராலும் அங்குச் செல்ல முடியவில்லை. குட்ஹியூ தம் நாட்டு அணியில் சென்று 100 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றார்.

நெஸ்டி: நொடியில் நூற்றில் ஒரு பங்கு

தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள சிறிய நாடு சுரினாம். அந்தோணி நெஸ்டி டிரினிடாடில் பிறந்து, குழந்தையாக இருந்தபோதே குடும்பத்துடன் சுரினாமுக்கு வந்தவர். அந்நாட்டில் அப்போது ஒலிம்பிக் அளவிலான குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆகவே பயிற்சிக்காகப் பள்ளிப் பருவத்திலேயே புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் உள்ள போல்ஸ் பள்ளிக்குச் சென்றார்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டி. வெற்றி பெறுவார் என எதிர்பார்க்கப்பட்டவர் அமெரிக்காவின் மேட் பியோன்டி. கடைசி மீட்டர் வரை அவரே முன்னிலையில் இருந்தார். சுவரைத் தொட்டபோது பலகையில் தெரிந்தவை: நெஸ்டி 53.00, பியோன்டி 53.01. சுரினாமின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. தனிநபர் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆண் நெஸ்டியே. சுரினாம் அவருடைய நினைவாக அஞ்சல் தலையும் நாணயமும் வெளியிட்டது.

அதன்பின் நெஸ்டி புளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 100 மீட்டருக்கு நிகரான 100 கெஜப் பட்டர்ஃபிளை போட்டியில் 1990, 1991, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளும் கல்லூரி வாகையரானார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். சுரினாம் இதுவரை பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இந்த இரண்டு மட்டுமே.

அவருடைய கதை குளத்தோடு முடியவில்லை. தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே அவர் துணைப் பயிற்றுநராகப் பல ஆண்டுகள் உழைத்தார். 2018இல் ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் நீச்சல் அணிக்கே தலைமைப் பயிற்றுநராகச் சென்றார். ஒரு காலத்தில் அமெரிக்கரை நூற்றில் ஒரு நொடியில் தோற்கடித்தவரிடம் அமெரிக்கா தன் அணியை ஒப்படைத்தது.

ஆப்பிரிக்காவும் பிரேசிலும்

1990களின் பிற்பகுதியிலிருந்து அயல்நாட்டு மாணவர்களின் வருகை பெருகியது. அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிம்பாப்வேயின் கிர்ஸ்டி கோவென்ட்ரி அங்குப் படித்தார். ஆபர்ன் பெண்கள் அணி 2002 முதல் 2004 வரை தொடர்ந்து மூன்று முறை தேசியப் பட்டம் வென்றது.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கோவென்ட்ரி 200 மீட்டர் மல்லாந்த நீச்சலில் தங்கமும், மேலும் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். 2008 பெய்ஜிங்கில் ஒரு தங்கமும் மூன்று வெள்ளியும் வென்றார். சிம்பாப்வே இதுவரை பெற்ற எட்டு ஒலிம்பிக் பதக்கங்களில் ஏழு அவருடையவை. எஞ்சிய ஒன்று 1980இல் பெண்கள் ஹாக்கி அணி பெற்ற தங்கம். பொருளாதாரம் சிதைந்து மக்கள் துன்புற்ற ஆண்டுகளில் அந்நாட்டுக்குக் கிடைத்த சில மகிழ்ச்சிகளில் இவையும் உண்டு. கோவென்ட்ரி பின்னர் தம் நாட்டின் விளையாட்டு அமைச்சரானார். 2025 மார்ச்சில் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆப்பிரிக்கரும் அவரே.

ஆபர்னில் பயின்ற பிரேசிலின் செசார் சியேலோ 2008இல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 21.30 நொடியில் வென்று, நீச்சலில் தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். தென்னாப்பிரிக்கா 2004இல் 4×100 மீட்டர் தொடர் நீச்சலில் உலக சாதனையுடன் தங்கம் வென்றபோது, நீந்திய நால்வரில் நீத்லிங், ஸ்கூமன், ஃபெர்ன்ஸ் ஆகிய மூவரும் அரிசோனா பல்கலைக்கழகக் குளத்தில் பயின்றவர்கள்.

துனிசியாவின் உசாமா மெல்லூலி தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கல்லூரிக் கட்டுரை ஒன்றை எழுதி முடிக்க விழித்திருப்பதற்காக ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டதாக அவர் கூறினார். அது தடைசெய்யப்பட்ட மருந்து. பதினெட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. 2007 உலக வாகையர் போட்டியில் பெற்ற பதக்கங்களும் பறிபோயின. தடை முடிந்து வந்து 2008 பெய்ஜிங்கில் 1500 மீட்டர் தங்கம் வென்றார். 2012இல் திறந்தநீர் 10 கிலோமீட்டர் போட்டியிலும் தங்கம் வென்றார். படிப்பும் பயிற்சியும் ஒரே தோளில் சுமக்கும் மாணவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு அவருடைய அனுபவம் ஒரு பாடம்.

சிங்கப்பூரின் முதல் தங்கம்

சிங்கப்பூருக்கும் அமெரிக்கக் கல்லூரி நீச்சலுக்கும் உள்ள தொடர்பு பழையது. ஆங் பெங் சியோங் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1982இல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 22.69 நொடியில் நீந்தி, அந்த ஆண்டு உலகின் மிக விரைவான வீரரானார். அதே ஆண்டு புது தில்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கமும் அவருக்கே. ஆனால் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் போட்டி 1988இல்தான் சேர்க்கப்பட்டது. அவருடைய சிறந்த ஆண்டில் அவருக்கேற்ற போட்டி ஒலிம்பிக்கில் இல்லை.

ஜோசப் ஸ்கூலிங் பதினான்கு வயதில் சிங்கப்பூரிலிருந்து சென்று, நெஸ்டி படித்த அதே போல்ஸ் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எட்டி ரீஸ் என்ற பயிற்றுநரிடம் பயின்றார். சிங்கப்பூர் ஆண்கள் பதினெட்டு வயதில் தேசிய சேவைக்குச் செல்ல வேண்டும். ஸ்கூலிங்கிற்கு அதை ஒத்திவைக்க அரசு அனுமதி அளித்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 50.39 நொடியில் நீந்தி அவர் தங்கம் வென்றார். மைக்கேல் பெல்ப்ஸ், சாட் லெ குளோஸ், லாஸ்லோ செக் ஆகிய மூவரும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டு வெள்ளியைப் பகிர்ந்துகொண்டனர். சிங்கப்பூர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

சிங்கப்பூரில் ஒலிம்பிக் தங்கத்துக்குப் பரிசு ஒரு மில்லியன் வெள்ளி. கல்லூரி வீரர் விளையாட்டால் பணம் பெறக்கூடாது என்பது அன்றைய அமெரிக்கக் கழகத்தின் விதி. ஸ்கூலிங்கோ இன்னும் மாணவர். நல்வாய்ப்பாக, ஒலிம்பிக் பதக்கப் பரிசைப் பெற அமெரிக்க மாணவர்களுக்கு இருந்த விலக்கு 2015இல் அயல்நாட்டு மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டிருந்தது. ஆகவே பரிசைப் பெற்றுக்கொண்டே அவரால் கல்லூரி அணியிலும் தொடர முடிந்தது.

உதவித்தொகைக் கணக்கு

கல்லூரி நீச்சல் உதவித்தொகை என்றாலே எல்லாம் இலவசம் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. முதல் பிரிவுக் கல்லூரி ஒன்று ஆண்கள் நீச்சல் அணிக்கு 9.9 முழு உதவித்தொகைகளையும், பெண்கள் அணிக்கு 14 உதவித்தொகைகளையும் மட்டுமே வழங்கலாம் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது. பயிற்றுநர் அதைப் பிரித்துக் கொடுக்கலாம். முப்பது ஆண்கள் உள்ள அணியில் 9.9ஐச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. முன்னணி வீரர் ஒருவருக்கு முழுத்தொகை கொடுத்தால் மற்றவர் பங்கு குறையும். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி கூட்டமைப்புக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகையே வழங்குவதில்லை.

அயல்நாட்டு மாணவருக்குக் கூடுதல் சுமைகளும் உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலத்தவருக்கு உரிய உயர்ந்த கட்டணமே அவருக்கும் கணக்கிடப்படும். ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். தொழில்முறை வீரர் அல்லர் என்று சான்று காட்ட வேண்டும். எஃப்-1 நுழைவிசைவில் வருபவர் பாடக்காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய இயலாது. மதிப்பெண் குறைந்தால் அணியில் இடமில்லை. படிப்பைக் கைவிட்டால் நாட்டிலும் இடமில்லை.

எதிர்ப்பும் மறுமொழியும்

அயல்நாட்டு வீரர்களைச் சேர்ப்பதற்கு அமெரிக்காவில் எதிர்ப்பு எப்போதும் இருந்து வந்துள்ளது. அரசுப் பல்கலைக்கழகம் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. அதன் உதவித்தொகை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே உரியது என்பது ஒரு வாதம். ஆண்கள் நீச்சலில் 9.9 என்ற வரம்புக்குள் ஓர் அயல்நாட்டவர் முழுத்தொகை பெற்றால், இரண்டு மூன்று அமெரிக்க மாணவர் வாய்ப்பிழப்பர் என்பது மற்றொன்று. செலவைக் குறைக்கவும் பாலினச் சமநிலை காட்டவும் பல கல்லூரிகள் ஆண்கள் நீச்சல் அணிகளை மூடியபோது இந்தக் குரல் ஓங்கியது.

இதற்கு மறுமொழியும் உண்டு. சிறந்தவரோடு அன்றாடம் நீந்துவதால் அமெரிக்க மாணவரின் தரமும் உயர்கிறது. ஆபர்னிலும் அரிசோனாவிலும் டெக்சசிலும் அயல்நாட்டவரோடு பயின்ற அமெரிக்கர் பலர் ஒலிம்பிக் அணிக்குத் தேர்வாயினர். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் ஒலிம்பிக் நீச்சலில் அமெரிக்காவே முன்னணி நாடாக உள்ளது. நெஸ்டியைப் போன்றவர்கள் கற்றதை அந்நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தும் இருக்கிறார்கள்.

அனுப்பும் நாடுகளுக்கும் இதில் கவலை உண்டு. சிறந்த பிள்ளைகள் அனைவரும் வெளியே சென்றுவிட்டால் உள்ளூர்க் குளமும் உள்ளூர்ப் பயிற்றுநரும் வளர்வது எப்படி? ஒரு தங்கம் கிடைத்தது என்று மகிழும் அரசு, அடுத்த தலைமுறைக்குக் குளம் கட்டாமல் விட்டுவிடுவதும் உண்டு. சுரினாமுக்கு 1992க்குப் பின் பதக்கம் கிடைக்கவில்லை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

மர்ஷானும் 2025 மாற்றமும்

அண்மைக் காலத்தில் இந்த ஏற்பாட்டின் உச்சமாக அமைந்தவர் பிரான்சின் லியோன் மர்ஷான். துலூஸ் நகரைச் சேர்ந்த அவர், பெல்ப்சை உருவாக்கிய பாப் போமனுக்கு மின்னஞ்சல் அனுப்பி, 2021இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2024 மார்ச்சில் அப்பல்கலைக்கழகம் வரலாற்றில் முதல் முறையாக ஆண்கள் நீச்சல் தேசியப் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு பாரிசில், தம் நாட்டு மக்கள் முன்னிலையில், மர்ஷான் நான்கு தனிநபர் தங்கங்களை வென்றார். அவற்றுள் இரண்டு ஒரே மாலையில் கிடைத்தவை.

ஆனால் அவர் வந்த வழி இப்போது குறுகி வருகிறது. 2025 ஜூன் 6 அன்று அமெரிக்க நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, கல்லூரிகள் தம் விளையாட்டு வருவாயில் ஆண்டுக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். உதவித்தொகை வரம்பு நீக்கப்பட்டு, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. 9.9 என்ற பழைய கணக்கு போயிற்று. விரும்பினால் அணியில் உள்ள அனைவருக்கும் முழுத்தொகை கொடுக்கலாம். ஆனால் வருவாய் ஈட்டுவது பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும். பணமும் அவற்றுக்கே செல்கிறது. நீச்சல் அணி செலவுக் கணக்கில் இருப்பது. கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சிலேயே தன் நீச்சல் அணிகளைக் கலைத்துவிட்டது. விளம்பர வருவாய் பெறும் உரிமை அமெரிக்க மாணவர்களுக்கு 2021 முதல் உள்ளது. நுழைவிசைவு விதிகளால் அயல்நாட்டு மாணவர் அதை எளிதில் பயன்படுத்த முடிவதில்லை.

ஒரு குளம் மூடப்படும்போது அங்கு நீந்திய அமெரிக்க மாணவர் வேறு கல்லூரி தேடலாம். ஒலிம்பிக் அளவிலான குளம் ஒன்றே உள்ள நாட்டின் பிள்ளைக்கோ, அதுவே இருந்த ஒரே வழியாக இருக்கலாம். கொழும்பிலும் பரமாரிபோவிலும் ஹராரேயிலும் சிங்கப்பூரிலும் நீந்தத் தொடங்கிய பிள்ளைகளை உலக வாகையராக்கியது, புள்ளிகளுக்காகத் தொடங்கிய ஒரு கல்லூரி ஏற்பாடு. அது எந்த நோக்கத்தோடு தொடங்கியதாயினும், அவர்கள் பதக்கத்தோடு பட்டமும் பெற்றுத் திரும்பினார்கள். பதக்கம் வெல்லாமல் திரும்பியவர்களோ இன்னும் பலர். அவர்களுக்கும் அந்தக் கல்வி மிஞ்சியது. இனி வரும் ஆண்டுகளில் இந்த வாய்ப்பு எத்தனை பிள்ளைகளுக்குக் கிட்டும் என்பது, ஒவ்வொரு கல்லூரியும் தன் நீச்சல் குளத்தை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று எடுக்கும் முடிவைப் பொறுத்தது.